மடிக்கக் கூடாத துணி

வங்கி அலுவலரின் வீட்டில் இன்னும் பிரிக்கப்படாத பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து சேரும் மாற்றல் ஆணை எங்களுக்குக் கற்றுத்தந்த முதற்கலை, எதையும் மடித்துச் சிறிதாக்கிப் பெட்டிக்குள் அடைப்பது. நாகபுரியிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபோது அந்தக் கலையை நான் மடிக்கக் கூடாத ஒரு பொருளின்மீது காட்டிவிட்டேன். அதற்குரிய விலையைச் சில மாதங்களுக்குப் பின் ஒரு மைதானத்தில் செலுத்த நேர்ந்தது.

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானங்களைச் செய்வது என் ஓய்வுநேர ஈடுபாடு. என் மகள் பள்ளியில் தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் சேர்ந்த பிறகு, அவளும் இதில் பங்காளியானாள். 1.4 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட விமானம் ஒன்றை இருவரும் நாகபுரியில் தொடங்கினோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து அவள் விடுதிக்குச் செல்லும் முன் அதைப் பறக்கவிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். கொல்கத்தாவுக்கு வந்தபோது எஞ்சியிருந்தது மேற்பூச்சு வேலை மட்டுமே. அதற்கான கண்ணாடி இழைத் துணி, தகரப் பெட்டியில் போர்வைகளுக்கு அடியில், எட்டாக மடிக்கப்பட்டுக் கிடந்தது.

துணியும் பிசினும்

மாதிரி விமானங்களின் உடல் பெரும்பாலும் பால்சா மரத்தால் ஆனது. தென்னமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிலிருந்து மிகுதியாக வரும் இம்மரம் மிக இலேசானது. நகம் பட்டாலே பள்ளம் விழும் அளவுக்கு மென்மையானதும்கூட. இதற்கு இலேசான, ஆனால் உறுதியான ஒரு தோல் தேவை. அத்தோலைத் தருவதே கண்ணாடி இழைத் துணி. 1932இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேல் கிளைஸ்ட் என்ற ஆய்வாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றபோது, காற்றின் வேகம் பட்டு உருகிய கண்ணாடி நுண்ணிழைகளாகப் பறந்தது. தற்செயலாக நிகழ்ந்த அதுவே இன்றைய கண்ணாடி இழைத் தொழிலுக்கு வழிவகுத்தது.

காகிதத்தைப் போலவே இத்துணியும் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று எடைபோட்டு விற்கப்படுகிறது. நடுத்தர அளவுள்ள விமானத்தின் இறக்கைக்கும் வாலுக்கும் 25 கிராம் துணி போதும். அடிவயிறு, இறக்கைகள் இணையும் நடுப்பகுதி, சக்கரங்கள் பொருந்தும் இடம் ஆகியவற்றுக்கு 49 கிராம் துணியைப் பயன்படுத்தலாம். துணியை மரத்தோடு பிணைப்பது எபாக்சி பிசின். இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: வலிமையில் பெரும்பங்கு துணியினுடையது. பிசினின் வேலை இழைகளை நனைத்து மரத்தோடு பிடித்துவைப்பதே. அதற்குமேல் ஊற்றும் பிசின் வெறும் எடை. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்வதானால், துணி மூலதனம், பிசின் செலவு. துணியின் எடைக்குச் சமமாகவோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ பிசின் இருந்தால் கணக்கு சரி.

ஒரு மடிப்பின் கணக்கு

மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து துணியை விரித்தேன். மடித்த இடமெல்லாம் கூரிய கோடுகள். கண்ணாடி இழை வளையும். ஆனால் கூர்மையாக மடிந்தால் உடையும். பருத்தித் துணியைப்போல் நீவிச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணியது என் பிழை. மரத்தின்மீது விரித்தபோது ஒவ்வொரு கோடும் மேடாக எழுந்து நின்றது. அதன் அடியில் காற்று புகுந்து வெண்ணிறக் கொப்புளமாகத் தெரிந்தது. மேடுகளை அமுக்குவதற்காக மேலும் மேலும் பிசினை ஊற்றினேன்.

இறக்கையின் இருபக்கப் பரப்பும் சேர்ந்து ஏறத்தாழ 0.67 சதுர மீட்டர். அதற்கு 17 கிராம் துணியும் 25 கிராம் பிசினும் போதும். நான் ஊற்றியதோ 70 கிராம். கூடுதல் 45 கிராம். வாலில் கூடுதல் 24 கிராம். இது சிறுதொகையாகத் தோன்றும். ஆனால் வால், விமானத்தின் சமநிலைப் புள்ளியிலிருந்து மூக்கு இருக்கும் தொலைவைப்போல் மும்மடங்கு தள்ளி இருந்தது. ஆகவே வாலின் 24 கிராமை ஈடுகட்ட மூக்கில் 72 கிராம் ஈயம் வைக்க வேண்டியதாயிற்று. ஆக மொத்தம் 141 கிராம். 1.2 கிலோவில் முடிய வேண்டிய விமானம் 1.34 கிலோவாக நின்றது.

எடை 12 விழுக்காடு கூடினால், விமானம் காற்றில் நிலைத்திருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு உயரும். டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் அது அழகாகவே எழும்பியது. என் மகள் மூன்று சுற்றுகள் சுற்றினாள். தரையிறங்குவதற்காக, நாங்கள் முன்பே திட்டமிட்டிருந்த வேகத்துக்குக் குறைத்துத் திருப்பினாள். ஒரு பக்க இறக்கை சட்டெனச் சரிந்தது. விமானம் மூக்குக் குத்தி விழுந்தது. பதினான்கு மாத உழைப்பு நான்கு துண்டுகளாகக் கிடந்தது. "என்னாலதானேப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அன்றிரவு மேற்கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதி அவளிடம் காட்டினேன். பெட்டியில் விழுந்த மடிப்பு கோடாகி, கோடு பிசினாகி, பிசின் ஈயமாகி, ஈயம் விபத்தாகியிருந்தது.

சேமிக்கும் முறை

துணியை எப்போதும் சுருட்டியே வைக்க வேண்டும். துணிக்கடைகளில் பீஸ் துணி சுற்றிவரும் தடித்த அட்டைக் குழாயைக் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். பிவிசி குழாயும் நன்று. இறுக்காமல், ஒரே சீராகச் சுருட்டிப் பாலித்தீன் உறைக்குள் இடுங்கள். ரப்பர் வளையம் போட்டால் அந்த இடம் நெரிந்துவிடும். நெட்டுக்குத்தாக நிறுத்தினால் துணி சரிந்து ஓரங்கள் பிரியும், படுக்கைவாட்டில் வையுங்கள்.

கண்ணாடி மக்காது என்பது உண்மை. ஆனால் பிசின் பற்றிக்கொள்வதற்காக இழைகளின்மீது ஏற்றப்பட்ட மெல்லிய இரசாயனப் பூச்சை ஈரம் கெடுக்கும். கொல்கத்தா, மும்பை, சென்னை போன்ற ஈரக்காற்று நகரங்களில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டை இடுவது நல்லது. எண்ணெய்ப் பசையுள்ள கையால் துணியைத் தொடாதீர்கள். 25 கிராம் துணியையும் 49 கிராம் துணியையும் பார்வையால் பிரித்தறிவது எளிதன்று. எடையையும் வாங்கிய நாளையும் எழுதி ஒட்டிவிடுங்கள். இலேசான சுருக்கங்கள், குழாயில் சில நாள் சுருட்டி வைத்தால் தணியும். கூரிய மடிப்பு விழுந்த பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைச் சிறு வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். பிசின், ஹார்டனர் ஆகிய இரண்டின் மூடிகளையும் இறுக மூடிவைக்க வேண்டும். குளிரில் பிசின் படிகமாகிக் கலங்கினால், வெந்நீரில் புட்டியை நிறுத்தி வைக்கத் தெளியும்.

பூசும் முறை

மரத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் தூசியை முற்றிலும் துடையுங்கள். துணியில் வெட்ட வேண்டிய கோட்டின்மீது மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் நடுவே வெட்டினால் இழை பிரியாது. சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு மரத்தின்மீது விரித்து, மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவுங்கள். வளைவான பகுதிகளில் நெசவு குறுக்காக அமையும்படி துணியைச் சாய்த்துப் போட்டால் நன்கு படியும்.

பிசினையும் ஹார்டனரையும் தயாரிப்பாளர் குறித்த விகிதத்திலேயே கலக்க வேண்டும். ஹார்டனரைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்பது தவறான நம்பிக்கை. பூச்சு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஒரே கிண்ணத்தில் நிறையக் கலந்தால் தானே சூடேறி இறுகிவிடும் என்பதால், சிறிது சிறிதாகக் கலப்பது நலம். நடுவில் சிறிது ஊற்றிப் பிளாஸ்டிக் அட்டையால் ஓரம் நோக்கி இழுங்கள். இதற்குக் காலாவதியான ஏடிஎம் அட்டையைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் வங்கி அலுவலராக ஒரு வேண்டுகோள்: சிப், காந்தப் பட்டை, அட்டை எண் ஆகியவற்றைத் துண்டு துண்டாக வெட்டி எறிந்தபின், எஞ்சிய பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். மிகுந்த பிசினைக் கழிப்பறைத் தாள் சுருளை உருட்டி ஒற்றி எடுங்கள். நெசவு தெளிவாகத் தெரிய வேண்டும். மேற்பரப்பு பளபளத்தால் பிசின் மிகை.

ஈரமான நாளில் எபாக்சியின்மேல் மெழுகு போன்ற படலம் தோன்றக்கூடும். இறுகியபின் சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே அடுத்த மெல்லிய பூச்சைத் தொடங்க வேண்டும். பாலியெஸ்டர் பிசின் விலை குறைவு. ஆயினும் தெர்மோகோலைக் கரைத்துவிடும். தெர்மோகோல் உள்ளீடு கொண்ட இறக்கைக்கு எபாக்சியே ஏற்றது.

உடல்நலத்தில் சிக்கனம் கூடாது. நைட்ரைல் கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நீர்விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. தோலில் பிசின் பட்டால் சோப்பும் நீரும் போதும். தின்னரால் துடைத்தால் அது உடலுக்குள் ஊடுருவ வழியாகும்.

விழுந்த விமானத்தின் உடல் பிழைத்தது. தேர்வுகள் முடிந்ததும் புதிய இறக்கையையும் வாலையும் இருவரும் சேர்ந்து செய்தோம். இம்முறை துணி குழாயிலிருந்து வந்தது. பிசினை அவளே தராசில் நிறுத்தாள். முடிந்த எடை 1.21 கிலோ. விடுதிக்குப் புறப்படுவதற்கு எட்டு நாள் முன்பு அவளே அதைப் பறக்கவிட்டு, அதே திருப்பத்தில் திருப்பித் தரையிறக்கினாள்.

மிச்சத் துணி இப்போது அலமாரியின் மேல், குழாயில் சுருண்டு கிடக்கிறது. அடுத்த மாற்றல் ஆணை வரும்போது பெட்டிகள் லாரியில் வரட்டும். அந்தக் குழாய் மட்டும் என் கையோடு வரும்.