உஷார்! குனோங் டத்தோ சின்ன மலைதான், இடி சின்னதல்ல

மார்ச் பள்ளி விடுமுறை வந்தால் போதும், தம்பின் வட்டார வாட்சாப் குழுக்களில் ஒரே அழைப்பு: "ஞாயிற்றுக்கிழமை குனோங் டத்தோ ஏறுறோம், வர்றவங்க பேர் கொடுங்க!" கேமரன் மலைக்கும் கெந்திங்குக்கும் குடும்பத்தோடு போனால் ஓட்டல் செலவு கட்டுப்படியாகாது. இதுவோ பக்கத்து ரெம்பாவில் இருக்கிற மலை. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். தாராளமாகப் போங்கள். ஆனால், அழைத்தவர் "நிதானமா பசியாறிட்டு பத்து மணிக்கு வாங்க" என்று சொன்னால் மட்டும் பேர் கொடுக்காதீர்கள்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். மலையின் உயரம் 884 மீட்டர். தொடக்கமே மூச்சு வாங்க வைக்கும் செங்குத்து. வேர்களைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு உச்சி சேர மூன்று மணி நேரம் ஆகும். பத்துக்குத் தொடங்கினால் ஒரு மணிக்கு உச்சி. நாசி லெமாக் பொட்டலம் பிரித்து, செல்பி எடுத்து முடிப்பதற்குள் இரண்டு மணி. மார்ச் பிற்பாதி முதல் மே வரை பருவக்காற்று மாறுகிற காலம். காலையில் வானம் பளிச்சென்றிருக்கும். மதியத்துக்கு மேல் கருத்துக்கொண்டு வந்து இடியும் மின்னலுமாகக் கொட்டும். அந்த நேரத்தில்தான் நம் ஆட்கள் உச்சியில் நிற்கிறார்கள்.

நிற்கிற இடம் எப்படிப்பட்டது? மொட்டைப் பாறைகள். அவற்றின் மேல் ஏற இரும்பு ஏணிகள். மலாய் வீரன் ஹங் துவாவின் காலடித் தடம் என்று காட்டப்படும் பள்ளத்தைப் பார்க்கப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். விடுமுறை நாள் கூட்டத்தில் ஏணியில் ஒவ்வொருவராகத்தான் இறங்க முடியும். மழையில் கம்பி வழுக்கும். மேலே நிற்பவர் பதறுவார், கீழே இறங்குபவர் பயத்தில் நகரமாட்டார். மின்னலுக்கு இதைவிட வாகான இடம் வேண்டுமா?

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடிச் சத்தம் கேட்டால் ஆபத்து சுமார் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். ஆனால், ஏணியில் இறங்க வேண்டிய இடத்தில் அவ்வளவு கூடக் காத்திருக்கக் கூடாது. முதல் உறுமல் கேட்டதுமே பாறையை விட்டு இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி ஏறாதீர்கள்.

அடுத்த ஆபத்து தண்ணீர். இறங்கியதும் ஆற்றில் ஒரு குளியல் போடாவிட்டால் பயணம் நிறைவதில்லை நமக்கு. மேலே மலையில் பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே திடீர் வெள்ளமாக வந்து சேரும். கெபாலா ஆயர் என்று சொல்கிறார்களே, அதுதான். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ துண்டு, செருப்பு எதையும் தேடாமல் உடனே கரையேறுங்கள்.

எலிக் காய்ச்சலும் அங்கேதான் காத்திருக்கிறது. 2010-இல் பகாங் மாநில லுபோக் யு அருவிப் பகுதியில், நீரில் மூழ்கியவரைத் தேடும் பணியில் ஈடுபட்டவர்களிடையே மெலியோய்டோசிஸ் என்ற கிருமித் தொற்றும் எலிக் காய்ச்சலும் பரவி 8 பேர் இறந்தார்கள். காலில் சிராய்ப்பு இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம். போய்வந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கிளினிக்கில் "காட்டுக்குப் போனேன், ஆற்றில் குளித்தேன்" என்று முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கி என்று நினைத்து வைத்தியம் திசைமாறக்கூடும்.

"நாங்க தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க, எங்களுக்கா காடு தெரியாது?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பால்மரக் காட்டில் நிரை உண்டு. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மண் சாலை வந்துவிடும். மலைக்காட்டில் அப்படி எதுவும் கிடையாது. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு அன்று கேமரன் மலை பங்களாவிலிருந்து வெளியே நடந்துபோனார் தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன். ராணுவம், போலீஸ், ஒராங் அஸ்லி மக்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடியும் இன்றுவரை அவர் கிடைக்கவில்லை.

ஆகவே, குழுத் தலைவரிடம் இந்த ஐந்தையும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பேர் கொடுங்கள்:

1. காலை ஏழுக்கே ஏறத் தொடங்குவோமா? பன்னிரண்டுக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவோமா?

2. வனத்துறை அனுமதி இருக்கிறதா? அனுமதியின்றி வனக்காப்புப் பகுதிக்குள் நுழைந்தால் 1984 தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

3. வழிகாட்டி உண்டா? கடைசியில் வருபவரோடு நடக்க ஓர் ஆள் உண்டா?

4. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், டார்ச் லைட், விசில், மழைச் சட்டை இருக்கின்றனவா? விலை உயர்ந்த சப்பாத்து தேவையில்லை. பால்மரம் வெட்டப் போட்டுப் போகும் முள்ளடி ரப்பர் சப்பாத்து சேற்றில் நன்றாகவே பிடிக்கும்.

5. எத்தனை பேர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரியுமா? குறித்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் அவர் 999-ஐ அழைப்பாரா?

ஐந்தில் ஒன்றுக்கு "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருங்கள். மலையை அடுத்த வாரம் ஏறிக்கொள்ளலாம்.