கத்திரி வெயிலும் வீட்டு நாயும்

அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். தலைவலியா? வெயில். குழந்தை சிணுங்குகிறதா? வெயில். சாதம் இறங்கவில்லையா? அதற்கும் வெயில்தான். பழியைச் சுமக்க வெயிலைப் போல் வாய்ப்பான ஆள் வேறு யாரும் கிடையாது.

எங்கள் வீட்டு ரோஸியின் விஷயத்திலும் வெயிலின் மேல்தான் பழியைப் போட்டோம். போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் தவறு அதன் உயிரையே குடித்திருக்கும்.

ரோஸிக்கு வயது ஒன்பது. புசுபுசுவென்று வெள்ளை ரோமம். ஊரெல்லாம் 'பொமரேனியன்' என்று சொல்லும் சிறு ஜாதி. உண்மையில் அது ஸ்பிட்ஸ் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எடை ஆறு கிலோ. குட்டி போட்டதில்லை. கருத்தடை ஆபரேஷனும் செய்யவில்லை. 'பாவம், வாயில்லாப் பிராணி, அதை ஏன் அறுக்க வேண்டும்?' என்று விட்டுவிட்டோம்.

சித்திரைக் கடைசியில் அதன் போக்கு மாறியது. காலையில் வைத்த தயிர்ச்சோறு மாலை வரை அப்படியே கிடந்தது. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தது. ராத்திரியில் ஒரு நாளும் வீட்டை அசுத்தம் செய்யாத நாய், கூடத்திலேயே சிறுநீர் விட்டது. ஒரு தடவை அல்ல, இரவுக்கு இரண்டு மூன்று தடவை. விட்டபிறகு மூலையில் போய், தப்புச் செய்த குழந்தையைப் போல் ஒடுங்கிப் படுத்துக்கொள்ளும்.

"வெயில் சூடுடா. உனக்கே சோறு இறங்கலை, அதுக்கு மட்டும் எப்படி இறங்கும்?" என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இரவில் கூடம் நனையாமல் இருக்க ஒரு யோசனையும் செய்தோம். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டோம். நாங்கள் செய்த பெரிய பிழை அதுதான்.

நாய்க்கு வேர்ப்பதில்லை

வெயிலில் நாயின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம்.

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. வேர்வை காயும்போது உடம்பு குளிர்கிறது. நாய்க்கு அந்த வசதி இல்லை. உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும், அது போதாது. ஆகவே அது வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறது. சும்மா படுத்திருக்கும் நாய் நிமிஷத்துக்கு 15 முதல் 30 தடவை மூச்சு விடும். வெயிலில் இளைக்கும்போது அதுவே 300 தடவைக்கு மேல் போகும். நாக்கிலும் வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகி, அந்த வழியாக உடம்புச் சூடு வெளியேறுகிறது.

இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும். அதனால்தான் கோடையில் நாய் கூடுதலாகக் குடிக்கிறது. ஆனால் குடித்ததில் பெரும்பகுதி மூச்சோடு போய்விடுகிறது. மிஞ்சிய நீரை வீணாக்காதபடி மூளையிலிருந்து ஒரு கட்டளை பிறக்கிறது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து 'வாஸோபிரஸின்' என்ற சுரப்புநீர் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய், 'தண்ணீரைப் பிடித்து வை' என்று சொல்கிறது. சிறுநீர் குறைகிறது, நிறமும் கொஞ்சம் அடர்த்தியாகிறது.

ஆகவே, வெயிலால் மட்டும் நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்தால், சிறுநீர் முன்போலவே இருக்க வேண்டும், அல்லது குறைய வேண்டும். கொஞ்சம் கூடினாலும் தோஷமில்லை. நிழலில் படுத்திருக்கும் நாய் வெள்ளமாகக் குடித்து, வெள்ளமாகச் சிறுநீரும் விட்டுக்கொண்டிருந்தால், அது வெயிலின் வேலை அல்ல. இந்த ஒரு கணக்குத் தெரியாமல்தான் நான் பத்து நாட்களைப் பாழாக்கினேன்.

பசி குறைவது ஏன்?

சோறு செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கிறது. வெளியேயும் சூடு, உள்ளேயும் சூடு என்றால் தாங்குமா? அதனால் பகலில் நாய் ஆகாரத்தை ஒதுக்குகிறது. ஓட்டமும் ஆட்டமும் குறைவதால் தேவையும் குறைகிறது. இது சகஜம்.

ஆனால் இந்தச் சகஜத்துக்கு ஓர் எல்லை உண்டு. மத்தியானம் தொடாத நாய், வெயில் தாழ்ந்ததும் வந்து கிண்ணத்தை நக்க வேண்டும். காலை இளங்குளிரில் சாப்பிட வேண்டும். ஒரு முழு நாள் போயும் எதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான். சிறு ஜாதிக் குட்டிகளுக்கு அவ்வளவு நேரம்கூடத் தாங்காது. சில மணி நேரப் பட்டினியிலேயே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாடி விழுந்துவிடும்.

சிறு நாய்க்கு எல்லாமே சீக்கிரம் நடக்கிறது. ஐந்து கிலோ நாயின் உடம்பிலிருந்து அரை லிட்டர் நீர் போனால், அது எடையில் பத்தில் ஒரு பங்கு. உயிருக்கு ஆபத்தான நிலை அது. நமக்கு இரண்டு டம்ளர் கணக்கு. அதற்கு ஜீவ மரணப் போராட்டம்.

டாக்டர் கேட்ட கேள்விகள்

பதினோராம் நாள் ரோஸி எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் வாலை மட்டும் லேசாக அசைத்தது. வயிறு உப்பியிருந்தது. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினேன்.

அவர் நாயைத் தொடுவதற்கு முன் என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது?"

"நிறையக் குடிக்கிறது, டாக்டர்."

"நிறைய என்றால் எத்தனை டம்ளர்?"

எனக்குத் தெரியவில்லை.

"சிறுநீர் தெளிவாகப் போகிறதா, மஞ்சளாகவா, சிவப்பாகவா? முக்குகிறதா?"

அதையும் நான் கவனிக்கவில்லை. ராத்திரியில் துடைத்துப் போட்டதோடு சரி.

"கடைசியாகப் பருவம் வந்தது எப்போது?"

இதற்கு மட்டும் பதில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு.

அவர் வாய் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ரோஸிக்கு அப்படிச் சிவக்கவில்லை. முதுகுத் தோலை இழுத்து விட்டார். மெதுவாகத்தான் பழைய இடத்துக்குப் போயிற்று. பிறகு ஸ்கேன் எடுத்தார்.

"வெயில் இல்லை சார். கர்ப்பப்பை முழுக்கச் சீழ்" என்றார்.

கருத்தடை செய்யாத, வயதான பெண் நாய்களுக்கு இது வருகிறது. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கர்ப்பப்பையில் கிருமி புகுந்து சீழ் பிடிக்கிறது. அந்தக் கிருமியின் விஷம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. 'தண்ணீரைப் பிடித்து வை' என்ற கட்டளை அதன் காதில் ஏறுவதில்லை. சிறுநீர் கொட்டுகிறது. அதை ஈடுகட்டத்தான் நாய் குடித்துக் குடித்துத் தவிக்கிறது. அப்படித் தவித்த நாயிடமிருந்து ராத்திரிக் கிண்ணத்தை எடுத்து வைத்த புண்ணியவான் நான்.

அன்று மாலையே ஆபரேஷன். "இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என் கையில் இல்லை" என்றார் டாக்டர்.

எறும்பு சொல்லும் சேதி

அதிகத் தாகமும் அதிகச் சிறுநீரும் கர்ப்பப்பைச் சீழுக்கு மட்டும் அடையாளம் அல்ல. சிறுநீரகக் கோளாறு, சில சுரப்பிகளின் கோளாறு, நீரிழிவு ஆகியவற்றுக்கும் அதுவே முதல் அடையாளம். நீரிழிவில் நாய் முதலில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைத்துப் போகும். பிறகுதான் ஆகாரம் குறையும். சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். நாய்க்கும் அது பொருந்தும்.

நீரிழிவின் மர்மம் அவிழ்ந்ததே ஒரு நாயின் சிறுநீரால்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். ஒழுங்காகப் பழக்கப்பட்டிருந்த அந்த நாய், திடீரென்று கண்ட இடத்தில் சிறுநீர் விடத் தொடங்கியது. மின்கோவ்ஸ்கி அதை அதட்டவில்லை, சோதித்துப் பார்த்தார். சர்க்கரை இருந்தது! கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு அப்படித்தான் வெளிப்பட்டது. 1921 கோடையில் கனடாவில் டொரொன்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களை வைத்துச் செய்த சோதனைகள் இன்சுலினில் முடிந்தன. 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. இன்று கோடிக்கணக்கான மக்கள் அந்த நாய்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

எதைக் கவனிப்பது?

முதலில் தண்ணீரை அளந்து வையுங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்தால் கணக்குக் கிடைத்துவிடும். சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி குடிக்கும். வெயிலில் இது கூடலாம். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டி, அது நாள்தோறும் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். ஆறு கிலோ நாய்க்கு 600 மில்லி. அதாவது மூன்று டம்ளர். ரோஸி ஐந்து டம்ளருக்கு மேல் குடித்திருக்கும் என்று பின்னால் கணக்குப் போட்டேன்.

அடுத்தது சிறுநீரின் நிறம். இளமஞ்சள் நல்லது. கொஞ்சமாகவும் அடர் மஞ்சளாகவும் போனால் தண்ணீர் போதவில்லை. சிவப்பாகவோ காப்பி நிறமாகவோ போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. வெயில் காலத்தில் உண்ணிகள் பெருகுகின்றன. உண்ணி பரப்பும் ஒருவகைக் காய்ச்சலில் ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் அப்படி நிறம் மாறும், சாப்பாடும் பிடிக்காது. காது மடலிலும் விரலிடுக்கிலும் தினமும் தடவிப் பாருங்கள்.

அடிக்கடி உட்கார்ந்து முக்கி, சொட்டுச் சொட்டாகப் போனால், அது மூத்திரப்பையில் கிருமியாகவோ கல்லாகவோ இருக்கலாம். ஆண் நாய் முக்கியும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் குழாயில் கல் அடைத்திருக்கக் கூடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆகாரத்தை அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கொடுங்கள். சோற்றில் கொஞ்சம் கூடுதலாக நீர் விட்டுப் பிசையலாம். வெங்காயம் ஆகாது, அது ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை கோடைப் பழம்தானே என்று கொடுத்துவிடாதீர்கள். அது நாயின் சிறுநீரகத்துக்கு விஷம். உலர்ந்த திராட்சையும் அப்படியே.

ஸ்பிட்ஸ் போன்ற நாய்களுக்கு வெயில் என்று மொட்டையடிக்க வேண்டாம். அந்த ரோமம் வெயிலுக்கும் ஒரு தடுப்பு. சீவி, உதிர்ந்த முடியை எடுத்தால் போதும்.

வெயில் தாக்கிவிட்டால்

2003 மே 31-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்ஸியஸ் பதிவாயிற்று. அத்தகைய நாளில் மொட்டைமாடியிலோ, மூடிய காரிலோ விட்ட நாய் பிழைப்பது அரிது. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101, 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். 106-ஐத் தாண்டினால் ஆபத்து.

விடாத இளைப்பு, கொழகொழத்த எச்சில், தள்ளாட்டம், வாந்தி — இவை கண்டால் முதலில் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பிறகு டாக்டரிடம் கொண்டுபோங்கள். நினைவு தப்பிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

ரோஸி பிழைத்தது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஒரு கரண்டி தயிர்ச்சோறு சாப்பிட்டது. அதற்கு எங்கள் அம்மா அழுதது எனக்கு மட்டும் தெரியும். இப்போது தண்ணீர்க் கிண்ணத்தை அளந்து வைக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார். நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் கணக்கு எழுதுகிறார். ராத்திரியிலும் கிண்ணம் தரையிலேயே இருக்கிறது.

வாயில்லாப் பிராணி என்கிறோம். ஆனால் அது கிண்ணத்தாலும் சோற்றாலும் கூடத்து ஈரத்தாலும் பத்து நாள் எங்களிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நாங்கள்தான் வெயில் என்று சொல்லி அதன் வாயை அடைத்தோம். இந்தக் கத்திரியில் உங்கள் வீட்டு நாய் கூடத்தை நனைத்தால், துடைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் அந்த நிறத்தைப் பாருங்கள்.