சிவாசு நகரத்துப் பள்ளிக்கூடம்

துருக்கி நாட்டின் அனத்தோலிய மேட்டுநிலத்திலே, ஏறக்குறைய 4,200 அடி உயரத்தில் உள்ளது சிவாசு நகரம். செல்சூக்கியர் காலத்து மதரசாக்களைக் காண்பதற்கே பலர் அங்குச் செல்வர். 1271 ஆம் ஆண்டில் எழுந்த இரட்டைத் தூபி மதரசாவின் வாயிற் சிற்பம் அழகிற் சிறந்ததே. எனினும், ஆசிரியத் தொழில் பூண்ட எம்மை ஈர்த்தது அதன் அண்மையிலுள்ள பழைய பள்ளிக்கூடமாம்.

1892 இற் கட்டப்பெற்ற அக்கட்டடம் இன்று நூதனசாலை. துருக்கியரின் தேசியச் சின்னமும் அதுவே. முதலாம் உலகப் போரில் தோற்ற நாட்டை வென்றோர் கூறுபோடத் தலைப்பட்ட வேளையில், 1919 செப்டெம்பர் 4 முதல் 11 வரை, முஸ்தபா கெமால் தலைமையிற் பிரதிநிதிகள் அங்கே கூடினர். அமெரிக்காவின் பாதுகாப்பின்கீழ் வாழ்வதா என்ற வாதம் கடுமையாக எழுந்து, ஏற்கப்படாதொழிந்தது. அரசர்க்குரிய ஆசனங்கள் அங்கில்லை. மாணாக்கரின் வாங்குகளே அம்மாநாட்டு மண்டபத்தை நிரப்பின. கெமாலின் படுக்கையறையும் பேணப்பட்டுள்ளது. அவர் அந்நகரில் 108 நாள் தங்கினார்.

பதினெட்டாண்டு கழித்து, 1937 நவம்பர் 13 ஆம் நாள், குடியரசுத் தலைவராய் அதே பள்ளிக்கு வந்தவர், ஒரு கேத்திரகணித வகுப்பினுட் புகுந்தார். பாடம் அரபுச் சொற்களாற் கனத்துக் கிடந்தது. அவரே கரும்பலகையருகே நின்று விளக்கலானார். முக்கோணத்துக்கு அதுவரை வழங்கியது 'முசெல்லெஸ்' என்னும் அரபுச் சொல். 'உச்' என்றால் துருக்கியில் மூன்று. எனவே 'உச்கென்' என்றார். நான்கு 'தொர்த்', நாற்கோணம் 'தொர்த்கென்'. இச்சொற்களை வகுத்து 44 பக்கச் சிறு நூலொன்றையும் அவர் எழுதியிருந்தார். அது ஆசிரியர் பெயரின்றி அவ்வாண்டிலேயே வெளிவந்தது. நாடாள்வோன் முக்கோணத்துக்குப் பெயர் தேடினான் என்பது எம்மனோர்க்குப் பொறாமை தருவது. நாமோ திரிகோணத்தை விட்டு முக்கோணத்துக்கு வந்தும் கோணத்தை வடமொழியிலேயே வைத்திருக்கிறோம்!

ஆயினும் ஒன்று நெஞ்சை உறுத்திற்று. மாநாடு முடிந்த மூன்றாம் நாள், செப்டெம்பர் 14 இல், 'இராதே-யி மில்லியே' என்னும் பத்திரிகை சிவாசிலே தொடங்கியது. 'தேசத்தின் சித்தம்' என்பது அதன் பொருள். அச்சானதோ அரபு எழுத்தில். 1928 இல் இலத்தீன் எழுத்து சட்டமாயிற்று. பாட்டன் எழுதிய கடிதம் பேரனுக்குப் புள்ளியும் கோடுமாயிற்று. மாநாட்டு வாங்குகளைக் காண வரும் இன்றைய மாணாக்கருக்கு அப்பத்திரிகையின் பெயரையும் புதிய எழுத்திற் பெயர்த்தே காட்டவேண்டியிருக்கிறது.