சிதம்பரத்தில் ரத்தம், மதுரையில் திருவிழா!

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் வத்திராயிருப்புக்குப் போய்ப் பாருங்கள். பஸ்கள் நிரம்பி வழியும். தாணிப்பாறை அடிவாரத்தில் கூட்டம் அலைமோதும். தலையில் மூட்டை, கையில் தடி, இடுப்பில் குழந்தை! எல்லோரும் சதுரகிரி மலை ஏறி, சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிடப் போகிறவர்கள்.

அதே ஆடி மாதத்தில் பூர நட்சத்திரம் வருகிறது. அன்று இதே மக்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்பார்கள். ஆண்டாளின் தேர் வடத்தைப் பிடித்து இழுப்பார்கள்.

மலை மேல் இருப்பவர் சிவபெருமான். தேரில் வருகிறவள் பெருமாளின் தேவி. "நீ சைவனா? வைணவனா?" என்று யாரும் யாரையும் கேட்பது இல்லை. ஊருக்குள் இருக்கும் சேது நாராயணப் பெருமாளை வணங்கிவிட்டு, அப்படியே மலைக்குக் கிளம்புகிற குடும்பங்களும் உண்டு.

ஆனால், இதே கேள்விக்காக மனிதர்கள் உயிரை விட்ட காலமும் ஒன்று இருந்தது. அதுவும் இந்தத் தமிழ்நாட்டில்தான்.

கடலுக்குப் போன சிலை

சிதம்பரம் நடராஜர் கோயிலை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோயிலுக்கு உள்ளேயே கோவிந்தராஜப் பெருமாளுக்கும் ஒரு சன்னதி இருக்கிறது. வைணவர்கள் அதைத் தில்லைத் திருச்சித்திரகூடம் என்பார்கள். குலசேகர ஆழ்வாரும் திருமங்கை ஆழ்வாரும் பாடிய தலம் அது.

12-ம் நூற்றாண்டில் 2-ம் குலோத்துங்க சோழன் நாட்டை ஆண்டான். சிவபக்தி மிகுந்தவன். அவன் சிதம்பரம் கோயிலை விரிவாகக் கட்டியபோது, கோவிந்தராஜர் சிலை பெயர்த்து எடுக்கப்பட்டுக் கடலில் எறியப்பட்டது. இதை எதிரிகள் சொல்லவில்லை. அவனுடைய அவைப் புலவர் ஒட்டக்கூத்தரே தம் நூல்களில் பெருமையாகப் பாடி வைத்திருக்கிறார்!

ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஓடின. சோழர் ஆட்சி போயிற்று. விஜயநகரப் பேரரசு வந்தது. 1539-ல் அச்சுததேவராயர், கோவிந்தராஜரை மீண்டும் சிதம்பரத்தில் எழுந்தருளச் செய்தார்.

ஒரு மன்னர் எடுத்தார். இன்னொரு மன்னர் வைத்தார். அத்துடன் கதை முடிந்ததா? இல்லை.

கோபுரத்தில் ஏறினார்கள்

1597-ம் ஆண்டு. அப்போது செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். அவர் பெருமாள் பக்தர். சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சன்னதியைப் பெரிதாகக் கட்ட ஆணையிட்டார்.

தில்லைக் கோயிலின் அர்ச்சகர்கள் அதை எதிர்த்தார்கள். "நடராஜர் கோயிலில் இது கூடாது" என்று மன்றாடினார்கள். நாயக்கர் கேட்கவில்லை. "கட்டினால் கோபுரத்தில் இருந்து குதித்து உயிரை விடுவோம்" என்று எச்சரித்தார்கள். அதற்கும் அவர் அசையவில்லை. கட்டட வேலை நடந்தது.

சொன்னபடியே அவர்கள் கோபுரத்தில் ஏறினார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குதித்தார்கள். ஏறத்தாழ 20 பேர் தரையில் விழுந்து மாண்டார்கள்.

நாயக்கர் மனம் இளகவில்லை. மற்றவர்களைத் துப்பாக்கியால் சுடும்படி கட்டளையிட்டார். இரண்டு பேர் குண்டு பட்டு இறந்தார்கள். எஞ்சியவர்கள் சிதறி ஓடினார்கள். ஒரு பெண், ஆத்திரம் தாங்காமல் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? பிமெண்டா என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் அந்தச் சமயத்தில் சிதம்பரம் வந்திருந்தார். நடந்ததைத் தம் கடிதத்தில் எழுதி அனுப்பினார்.

கோயில் பெரிதாயிற்று. ஆனால் பகை ஒழிந்ததா? அதுவும் கோயிலோடு சேர்ந்து வளர்ந்தது. பிற்காலத்தில் வழக்கு, விசாரணை என்று நீதிமன்றம் வரை போயிற்று. நடராஜர் கேட்டாரா இந்தச் சண்டையை? கோவிந்தராஜர் கேட்டாரா?

கடல் கடந்தும் இதே கதை

நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் ஏசுநாதரை வணங்கும் இரு பிரிவினரே ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். 1572-ல் பாரிஸ் நகரில் புராட்டஸ்டண்டு பிரிவினர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

1598-ல் பிரான்சு மன்னர் 4-ம் ஹென்றி ஓர் ஆணை பிறப்பித்தார். சிறுபான்மையாக இருந்த புராட்டஸ்டண்டுகளும் தங்கள் வழியில் கடவுளை வணங்கலாம் என்பது அந்த ஆணை. நல்ல ஆணைதான். ஆனால் 1685-ல் அவருடைய பேரன் 14-ம் லூயி அதை ரத்து செய்துவிட்டார். லட்சக்கணக்கான மக்கள் நாட்டை விட்டு ஓடினார்கள்.

தாத்தா போட்ட கையெழுத்தைப் பேரன் அழித்துவிட்டான். வெறும் ஆணையின் ஆயுள் அவ்வளவுதான்!

அப்படியானால் மன்னர் என்னதான் செய்ய வேண்டும்? மதுரையில் நடந்ததைப் பார்ப்போம்.

தேதியை மாற்றிய மன்னர்

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். அவரும் பெருமாளை வழிபடும் மரபில் வந்தவர். அவர் தலைநகரிலோ மீனாட்சியும் சொக்கநாதரும் ஆட்சி செய்தார்கள். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, அழகர்மலையில் கள்ளழகர் இருந்தார்.

அந்தக் காலத்தில் மீனாட்சி திருக்கல்யாணம் மாசி மாதத்தில் நடந்தது. அழகர் சித்திரை மாதத்தில் மலையை விட்டு இறங்கி, தேனூர் அருகே வைகை ஆற்றுக்கு வருவார். இது தனி விழா, அது தனி விழா. இந்தக் கூட்டம் வேறு, அந்தக் கூட்டம் வேறு.

திருமலை நாயக்கர் யோசித்தார். மீனாட்சி கல்யாணத்தை மாசியில் இருந்து சித்திரைக்கு மாற்றினார். தேனூருக்குப் போன அழகரை மதுரைக்கு வரச் செய்தார். வழிவழியாக மதுரை மக்கள் சொல்லிவரும் செய்தி இது. இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. சித்திரையில் ஓடும் மீனாட்சியின் தேர், இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது!

திருமலை நாயக்கர் துறவி அல்லர். போர் பல செய்தவர். புகழை விரும்பியவர். மாசியில் அறுவடை வேலை இருக்கும், தேர் இழுக்க ஆள் கிடைக்காது என்ற கணக்கும் இதில் உண்டு என்பார்கள். இருக்கட்டுமே! அவர் சிலையைப் பெயர்க்கவில்லை, யாரையும் சுடவில்லை. இரண்டு கூட்டத்தையும் ஒரே ஊரில், ஒரே நாட்களில் கூடவைத்தார்.

மீதியை மக்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் வருகிறார்!

கோயில் வரலாறு, மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க அழகர் வருவதாகக் கூறுகிறது. மக்களோ தாங்களே ஒரு கதை கட்டினார்கள். "மீனாட்சி தங்கை. அழகர் அண்ணன். தங்கை கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வருகிறார். வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிட்டார்!"

நம் வீட்டுக் கல்யாணங்களில் நடப்பதுதானே இது? சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்ற சண்டை போய்விட்டது. இருவரும் மைத்துனர்கள் ஆகிவிட்டார்கள். மைத்துனர்களுக்குள் ஊடல் வரலாம். வெட்டுக்குத்து வருமா?

வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்றும் மக்கள் கதை சொல்கிறார்கள். உறவின் வட்டம் இன்னும் பெரிதாயிற்று!

முரசு யாருக்கு?

நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் திருமலை நாயக்கருக்கு ஒரு மாளிகை உண்டு. மதுரையில் இருந்து இங்கே வரும் வழியில் பழைய கல் மண்டபங்களைப் பார்க்கலாம். நகரா மண்டபம் என்று பெயர். கோயிலில் பூஜை முடிந்ததும் இங்கே முரசு ஒலிக்கும். அடுத்த மண்டபத்தில் அதைக் கேட்டு முரசு கொட்டுவார்கள். இப்படியே ஒலி மதுரைக்குப் போகும். அதைக் கேட்ட பிறகுதான் நாயக்கர் சாப்பிடுவாராம்.

எந்தக் கோயில் பூஜை? "ஆண்டாள் கோயில்" என்பார்கள் சிலர். "இல்லை, மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில். நாயக்கரின் வயிற்று வலியைத் தீர்த்தவர் அந்தச் சிவன்தான்" என்பார்கள் வேறு சிலர். இருவரும் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். கோபுரத்தில் யாரும் ஏறுவது இல்லை!

மாலை போகிறது

ஆண்டுதோறும் சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ஒரு மாலை மதுரைக்குப் புறப்படுகிறது. அது ஆண்டாள் சூடிக் களைந்த மாலை. தல்லாகுளத்தில் கள்ளழகர் அதை அணிந்துகொள்கிறார். பிறகு வைகையில் இறங்குகிறார். அவரைக் காணக் கரை கொள்ளாத கூட்டம் நிற்கிறது. அதில் பாதிப்பேர், முன்பே மீனாட்சி கல்யாணம் பார்த்துப் புதுத் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டவர்கள்.

நாயக்கர் ஆட்சி 1736-ல் முடிந்தது. பிறகு நவாப் வந்தார், வெள்ளைக்காரர் வந்தார், அவரும் போனார். பிரான்சு மன்னரின் ஆணையைப் போல இந்தத் திருவிழாவை யாராலும் ரத்து செய்ய முடியவில்லை. காரணம், இது அரசாங்கக் காகிதத்தில் இல்லை. மக்கள் மனதில் இருக்கிறது.

சிதம்பரத்திலும் இன்று ஓரிடத்தில் நின்றால் நடராஜரையும் கோவிந்தராஜரையும் சேர்த்துத் தரிசிக்கலாம். அங்கே நிற்கும்போது, கோபுரத்தை ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். அன்று விழுந்தவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியால் சன்னதியைக் கட்டலாம். உறவைக் கட்ட முடியாது. அதற்கு ஒரு கல்யாணமும் ஒரு மாலையும் போதும்!