பொலிஸுக்குப் போக முன்னரே வைத்தியரிடம் போகலாம்



இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட விடயம், வீட்டில் விருந்தினர் இருக்கும்போது எவரும் கதைக்க விரும்பாத ஒன்று. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவருக்குச் சுவிஸில் என்ன வைத்திய உதவி கிடைக்கும், அதற்குப் பொலிஸ் முறைப்பாடு அவசியமா, செலவு யாருடையது? இது தெரியாததால் முதல் இரண்டு நாட்களை வீட்டுக்குள்ளேயே கழித்துவிட்டவர்கள் எம்மிடையேயும் உண்டு. அந்த இரண்டு நாட்கள்தான் முக்கியமானவை.

எமது மூத்தவர்களின் மனதில் ஊர் நடைமுறையே பதிந்திருக்கிறது. இலங்கையில் இப்படியொன்று நடந்தால், பொலிஸ் தரும் படிவத்துடன் சட்ட வைத்திய அதிகாரி முன் போவதே வழக்கம். சீருடையைக் கண்டாலே ஒதுங்கி நடந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். ஆகவே 'ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் விசாவுக்குப் பிரச்சினை' என்ற கணக்கை இங்கும் போட்டுவிடுகிறோம். இங்கு அந்தக் கணக்குப் பிழை.

1984 டிசம்பர் 2 அன்று நடந்த மக்கள் வாக்கெடுப்பில், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அரசு உதவவேண்டும் என்று இந்நாட்டு மக்கள் தீர்ப்பளித்தார்கள். அதன்படி 1993இல் நடைமுறைக்கு வந்ததே 'ஒப்ஃபர்ஹில்ஃபே' எனப்படும் பாதிக்கப்பட்டோர் உதவிச் சட்டம். 2009இல் அது முழுமையாகத் திருத்தப்பட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஆலோசனை வழங்க ஏற்பாடு இருக்கிறது. ஆலோசனைக்குப் பணம் இல்லை. குற்றவாளி யாரென்று தெரியவேண்டியதில்லை, முறைப்பாடு செய்திருக்கவேண்டியதில்லை, சம்பவம் எப்போது நடந்தது என்பதும் தடையல்ல. சுவிஸ் மண்ணில் நடந்த குற்றம் என்றால், உங்களிடம் இருப்பது எந்த வதிவிட அனுமதி என்பதும் பொருட்டல்ல. விரும்பினால் வேறு மாநில நிலையத்துக்கும் போகலாம். சிறிய ஊர்களில் எல்லோரும் எல்லோரையும் அறிந்து வாழும் எமக்கு இது பெரிய வசதி.

ஆலோசனை ஒழுங்காக இருந்தாலும், வைத்தியப் பக்கம் அப்படி இருக்கவில்லை. பேர்ணில் 'பேர்ண் முறை' என்றே பெயர் பெற்ற ஏற்பாடு உள்ளது. இன்செல் பெண்கள் வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கு வரும் பெண்ணுக்குச் சிகிச்சை அளித்து, தடயங்களையும் எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். முறைப்பாடு செய்வதா இல்லையா என்பதை அவர் பின்னர் ஆறுதலாக முடிவு செய்யலாம். லவுசானில் 2006 முதல் வன்முறை மருத்துவப் பிரிவு ஒன்று இயங்குகிறது. காயங்களைப் பதிவு செய்வதற்கென்றே பயிற்சி பெற்ற தாதியர் அங்கு இருக்கிறார்கள். சூரிச் மாநிலமும் 2024இல் இத்தகைய தாதியரை வைத்தியசாலைகளுக்கு அனுப்பும் பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. பொலிஸ் கேட்டு எடுக்கும் தடயத்துக்கு அரசு பணம் கொடுக்கும். முறைப்பாடு இல்லாமல் எடுத்தால் கணக்கு யாருக்குப் போகும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. ஒரு பெண் எந்த ஊரில் தாக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து அவருக்குக் கிடைக்கும் வைத்தியம் மாறுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

ஐரோப்பிய நாடுகளின் இஸ்தான்புல் உடன்படிக்கை 2018 ஏப்ரல் 1 முதல் சுவிஸைக் கட்டுப்படுத்துகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கு மருத்துவ, தடயவியல் உதவி தரும் நிலையங்கள் போதிய அளவில் வேண்டும் என்று அது கூறுகிறது. இதைச் சுட்டிக்காட்டி 2022இல் நாடாளுமன்றத்தில் பெண் உறுப்பினர்கள் நெருக்கடி நிலையங்கள் கோரிப் பிரேரணைகள் கொண்டுவந்தார்கள். அதன் விளைவாக 2024 நவம்பரில் மத்திய அரசு, உதவிச் சட்டத்துக்கான திருத்த வரைவைக் கருத்துக்கேட்புக்கு முன்வைத்தது. முறைப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சையும் தடயப் பதிவும் இலவசமாகக் கிடைக்கவேண்டும், அதற்கான இடத்தை ஒவ்வொரு மாநிலமும் உறுதிப்படுத்தவேண்டும் என்பதே அதன் சாரம். பேர்ணில் கிடைப்பது மற்ற இடங்களிலும் கிடைக்கவேண்டும் என்பதைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள்.

சட்டம் ஒருபுறமிருக்க, உடல் காத்திருக்காது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை இயன்றவரை முதல் மணித்தியாலங்களிலேயே, பிந்தினால் இரண்டு நாட்களுக்குள் தொடங்கவேண்டும்; 28 நாட்கள் எடுக்கவேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையில் ஒரு வகை மூன்று நாட்கள் வரை, இன்னொரு வகை ஐந்து நாட்கள் வரை பயன்படும். அதுவும் விரைவாக எடுத்தால்தான் நல்ல பலன். பானத்தில் மயக்க மருந்து கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இன்னும் அவசரம்: சில மருந்துகள் சுமார் 12 மணித்தியாலத்தில் சிறுநீரில் இருந்து மறைந்துவிடும். குளிக்காமல் போவது நல்லது. அன்று அணிந்த உடுப்பைத் தோய்க்காமல், பிளாஸ்ரிக் பையில் அல்ல, கடதாசிப் பையில் கொண்டுபோகவேண்டும். குளித்துவிட்டேன், இனிப் போய் என்ன பயன் என்று நின்றுவிடாதீர்கள். சிகிச்சை அப்போதும் வேண்டும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். வல்லுறவு என்பது பொலிஸுக்குத் தெரிந்தால் அவர்களாகவே விசாரிக்கவேண்டிய குற்றம். பிறகு வேண்டாம் என்று நிறுத்த முடியாது. கணவன் செய்தாலும் அப்படியே. திருமணத்துக்குள் நடக்கும் வல்லுறவு 1992 முதல் இங்கு குற்றம், 2004 ஏப்ரல் முதல் மனைவி முறைப்பாடு செய்யாவிட்டாலும் விசாரிக்கப்படும் குற்றம். எனவே பொலிஸில் சொல்லமுன் ஆலோசனை நிலையத்தில் கதைப்பது நல்லது. அவர்கள் இரகசியம் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். பிள்ளை ஒருவருக்குக் கடும் ஆபத்து என்றால் உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்கலாம். 2024 ஜூலை 1 முதல், அதிர்ச்சியில் உறைந்துபோய் மறுப்புச் சொல்ல முடியாமல் இருந்தவரையும் சட்டம் பாதுகாக்கிறது. ஆண்களும் அதே சட்டத்தின் கீழ் வருகிறார்கள்.

விசாப் பயம் உள்ளவர்களுக்கு: 2025 ஜனவரி 1 முதல், குடும்ப வன்முறையால் பிரிய நேரும் துணைவரின் வதிவிட உரிமைக்கான பாதுகாப்பு, கூடுதலான அனுமதி வகைகளுக்கு விரிவாக்கப்பட்டுள்ளது. அங்கு வைத்திய அறிக்கையும் ஆலோசனை நிலையத்தின் கடிதமும் சான்றாகும். நாம் அஞ்சும் அந்த அறிக்கைதான் எமக்குத் துணை நிற்கிறது. ஊரில் போர்க்காலத்தில் நடந்த கொடுமைக்கு இந்த உதவிச் சட்டத்தில் நிதியுதவி கேட்க முடியாது. அதற்குச் செஞ்சிலுவைச் சங்கம் பேர்ணில் நடத்தும், சித்திரவதைக்கும் போருக்கும் ஆளானோருக்கான சிகிச்சை நிலையத்துக்கு வைத்தியர் மூலம் போகலாம்.

மொழிபெயர்ப்பாளர் பற்றியும் சொல்லவேண்டும். டொச் தெரியும் என்பதற்காகப் பதின்மூன்று வயது மகளைத் தாயின் பக்கத்தில் இருத்தி இதைக் கேட்கவைப்பது பாவம். தாயும் பாதியை விழுங்கிவிடுவார். மொழிபெயர்ப்பாளர் கோயிலில் சந்திக்கும் ஒருவராக இருந்துவிடுவாரோ என்ற தயக்கமும் நியாயமானதே. வேறு மாநிலத்தில் உள்ள ஒருவரைத் தொலைபேசி வழியாக, பெயரைச் சொல்லாமல், பெண்ணாகவே வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

கடைசியாக, தபாற்பெட்டி. கிராங்கன்காசா மூலம் சிகிச்சை பெற்றால், ஆகக் குறைந்தது 300 பிராங்கான பிரான்சீசும் பத்து வீதப் பங்கும் உங்கள் கணக்கில் விழும். இதை ஒப்ஃபர்ஹில்ஃபே உடனடி உதவியாகப் பொறுப்பேற்கலாம். ஆனால் குடும்பம் முழுவதற்கும் ஒரே உறையில் வரும் காப்புறுதிக் கடிதத்தை வீட்டில் யார் திறப்பார் என்பதை முதல் சந்திப்பிலேயே ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள். கடிதம் எங்கே போகவேண்டும் என்பதை அன்றே ஒழுங்கு செய்யலாம்.