பாகூருக்கு ஒரு வரத்து பஸ்

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. ஏரிக்கு நீர் கொண்டுவந்து சேர்ப்பதை வரத்து வாய்க்கால் என்பார்கள். போக்குவரத்துத் துறைக்காரர்கள் ஃபீடர் பஸ் என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான். தெருத்தெருவாகப் போய் ஆட்களைத் திரட்டி, மெட்ரோ மாதிரியான பெரிய தடத்தில் கொண்டுபோய் விடும் சின்ன வண்டி அது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஏரிக்குப் போன தண்ணீர் சாயங்காலம் வீடு திரும்ப வேண்டியதில்லை.

சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம் 2013 அக்டோபரில் சிற்றுந்துகளை விட்டது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் மெட்ரோ ஓடத் தொடங்கியதும், குறுகிய தெருக்களில் நுழையும் இந்த வண்டிகளை ரயில் நிலையத்தோடு இணைப்பது இயல்பான அடுத்த வேலையானது. புதுச்சேரியில் மெட்ரோ கிடையாது. பாகூர் கொம்யூனுக்கு மெட்ரோ மாதிரி இருப்பது கடலூர் சாலைதான். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அடிக்கடி பஸ் ஓடும் அந்தச் சாலை, பாகூரிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் கிழக்கே கன்னியக்கோயில் வழியாகப் போகிறது. அந்த 4 கிலோமீட்டருக்கு ஒரு இணைப்பு பஸ் போடுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் வரைபடத்தை மூடிவிட்டுக் கடிகாரத்தை எடுக்க வேண்டும். நின்று நின்று போகும் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் போனால், ஒரு சிங்கிளுக்கு 12 நிமிடம். போக, வர 24. இரண்டு முனையிலும் மூன்று மூன்று நிமிடம் நிறுத்தினால் மொத்தம் 30. ஒரே வண்டி, ஒரே டிரைவர், அரை மணிக்கு ஒரு பஸ். கணக்கு கச்சிதம்.

இங்கேதான் யாராவது வந்து, “அப்படியே குருவிநத்தம் வரைக்கும் நீட்டுங்க” என்பார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் ஒரு பக்கம் 7 நிமிடம் கூடினாலே சுற்று 44 நிமிடம் ஆகிவிடும். 7.00, 7.44, 8.28, 9.12 என்று புறப்படும் பஸ்ஸை யார் நினைவு வைத்துக்கொள்வது? நினைவில் நிற்க வேண்டுமென்றால் வண்டியை 16 நிமிடம் சும்மா நிறுத்தி, மணிக்கு ஒன்று என்று ஆக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது வண்டி வாங்க வேண்டும். நீட்டியது 14 நிமிடம். விலை ஒரு முழு பஸ்.

நீட்டுவதைவிட எனக்குப் பயம், சுற்றி வருவது. சுற்றியுள்ள நான்கு ஊரை ஒரே வட்டத்தில் தொட்டுவிடலாம் என்று வரைபடத்தில் அழகான வளையம் போடுவார்கள். வளையத்தின் கடைசி ஊர்க்காரர் காலையில் ஏறிய ஐந்தாம் நிமிடம் சந்திப்பில் இறங்குவார். திரும்பும்போதோ மற்ற மூன்று ஊரையும் பார்த்துவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்வார்.

அடுத்தது காத்திருப்பு. அரை மணிக்கு ஒன்றாகச் சீராக வந்தால், நேரம் பார்க்காமல் வருகிற ஆள் சராசரியாக 15 நிமிடம் நிற்பார். அதே இரண்டு பஸ்ஸும் ஐந்து நிமிட இடைவெளியில் ஒட்டி வந்து, பிறகு 55 நிமிடம் எதுவும் இல்லையென்றால், சராசரி 25 நிமிடத்தைத் தாண்டிவிடும். வண்டி எண்ணிக்கை மாறவில்லை, டீசல் செலவு மாறவில்லை. நிறுத்தத்தில் வெயிலில் நிற்கிற ஒரு நிமிடம் சீட்டில் உட்கார்ந்து போகிற இரண்டு நிமிடத்துக்குச் சமம் என்றுதான் திட்டமிடுகிறவர்களும் கணக்கு வைப்பார்கள். வண்டி மாறவைக்கும் எந்தத் திட்டமும் இந்த இடத்தில்தான் தோற்கும்.

கன்னியக்கோயிலில் இன்னொரு நுட்பம் உண்டு. பாகூரிலிருந்து வருகிறவருக்கு இங்கே கவலை இல்லை. புதுச்சேரி பஸ்ஸோ கடலூர் பஸ்ஸோ சீக்கிரம் வந்துவிடும். திரும்பி வருகிறவருக்குத்தான் சிக்கல். அவர் இறங்கும்போது சின்ன வண்டி கண்ணெதிரே கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே, அந்த ஆறு நிமிட ஓய்வை இரண்டாகப் பிரிக்காமல் மொத்தமாகக் கன்னியக்கோயில் முனையிலேயே வைத்துவிடலாம். காசு செலவில்லாத திருத்தம் இது.

புதுச்சேரியிலேயே வில்லியனூரில் நிலைமை நேர் எதிர். அங்கே 1879-இல் திறந்த விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை இருக்கிறது. ஆனால் ரயில்கள் கொஞ்சம்தான். பெரிய தடமே அரிதாக வரும்போது, சின்ன வண்டி அதன் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். ரயில் தாமதமானால் பஸ்ஸும் நிற்க வேண்டும். சுவிட்சர்லாந்து 1982-இல் நாடு முழுவதும் ரயில் அட்டவணையை மணிக்கு ஒரு ரயில் என்ற சீரான முறைக்கு மாற்றியது. பெரிய சந்திப்புகளில் ரயில்கள் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து, சற்றுப் பின் கிளம்பும். வெளியே பஸ்கள் காத்து நிற்கும். நம்மிடம் அந்த அளவு ரயில் இல்லை. ஆனால் காத்து நிற்கிற வழக்கத்தை இரவல் வாங்கலாம்.

தமிழ்நாட்டின் புதிய விரிவான மினி பேருந்துத் திட்டம் 2024, வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் 65 சதவீதமாவது பஸ் ஓடாத சாலை என்று விதிக்கிறது. பெரிய பஸ்ஸின் வருமானத்தைச் சின்ன பஸ் தின்றுவிடக் கூடாது என்ற எண்ணம். புதுச்சேரிக்கு வேறொரு தலைவலி. ஊரே துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்கு நடுவே கிடப்பதால், பக்கத்து ஊருக்குப் போகும் வண்டிகூட மாநில எல்லையைத் தாண்டிவிடும். தாண்டினால் பர்மிட்டுக்கு அந்தப் பக்கத்து ஒப்புதலும் வேண்டும்.

இந்த நேரக் கணக்கெல்லாம் இல்லாமலே ஓடிக்கொண்டிருப்பது ஷேர் டெம்போ. அதற்கு அட்டவணை கிடையாது. ஆள் நிரம்பினால் கிளம்பும். கூட்டமான நேரத்தில் அதை எந்த பஸ்ஸும் வெல்ல முடியாது. ஆள் குறைந்த நேரத்தில்தான் அதன் கணக்கு பொய்க்கும். அதனால் புதிதாக ஒரு இணைப்பு பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிறவர் இரவிலிருந்து தொடங்குவது நல்லது. புதுச்சேரியில் ஜவுளிக்கடை அடைத்து, எட்டரைக்கு மேல் பஸ் ஏறி, ஒன்பதரைக்குக் கன்னியக்கோயிலில் இறங்கும் பெண்ணுக்கு பாகூர் வண்டி இருக்கிறதா? கடைசி சிங்கிள் எட்டு மணிக்கே முடிந்துவிட்டால், அவர் காலையிலும் அந்த பஸ்ஸில் ஏற மாட்டார். அண்ணனோ வீட்டுக்காரரோ வண்டியில் கொண்டுவந்து விடுவார்; ராத்திரியும் அவரே வந்து நிற்பார்.