மியூசியம் போரடிக்குதா? குட்டீஸைச் சிலை முன்னால் நிறுத்தும் டிஜிட்டல் விளையாட்டுகள்!

விடுமுறை வந்தால் பீச், தீம் பார்க், சினிமா என்று குழந்தைகள் நீட்டும் பட்டியலில் மியூசியம் பெரும்பாலும் இருக்காது. வற்புறுத்தி அழைத்துப் போனாலும் 'தொடாதே', 'ஓடாதே', 'சத்தம் போடாதே' என்ற மூன்று கட்டளைகளோடு அரை மணி நேரத்தில் சுற்றி முடித்து, வாசலில் ஐஸ்க்ரீம் வாங்கிக்கொடுத்து வீடு திரும்புவதுதான் வழக்கம். 'உள்ளே என்ன பார்த்தே?' என்று மறுநாள் கேட்டால், பதில் வருவது சந்தேகமே.

இந்தச் சிக்கல் எல்லா நாட்டிலும் உண்டு. அதனால்தான் பல மியூசியங்கள் தொடுதிரை, கேமரா, மொபைல் கேம் என்று குழந்தைகளுக்குப் பிடித்தவற்றையே கையில் எடுத்திருக்கின்றன. 'வீட்டில்தான் நாள் முழுக்க ஸ்கிரீன், மியூசியத்திலுமா?' என்று பெற்றோர் அலுத்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஸ்கிரீன் குழந்தையின் கண்ணை எங்கே திருப்புகிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும்.

சிலை மாதிரி நில்லு பார்க்கலாம்!

அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் இருக்கிறது கிளீவ்லேண்ட் கலை அருங்காட்சியகம். 2013-ல் இங்கே டிஜிட்டல் விளையாட்டுகளுக்கென்றே ஒரு கூடம் திறந்தார்கள். அப்போது அதில் இருந்த ஒரு விளையாட்டு ரொம்ப சிம்பிள். திரையில் ஒரு சிற்பம் தோன்றும். எதிரே நிற்பவர் அதே மாதிரி போஸ் கொடுக்க வேண்டும். உடல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கேமரா பார்த்து, சிற்பத்தோடு எவ்வளவு பொருந்துகிறது எனச் சொல்லிவிடும்.

இன்னொன்றில் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சிரித்தால், முறைத்தால், கோணினால், அதற்கு ஒத்துப்போகும் முகமுள்ள கலைப்பொருளை மியூசியத்தின் சேகரிப்பிலிருந்து கணினி தேடித் தரும்.

இதில் படிப்பு எங்கே வந்தது என்கிறீர்களா? சிலை மாதிரி நிற்க வேண்டும் என்றால், அந்தச் சிலையை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். உடல் எடை எந்தக் காலில் இருக்கிறது? இடுப்பு எந்தப் பக்கம் வளைகிறது? தலை சாய்ந்திருக்கிறதா? இப்படி நின்று பார்த்துத் தடுமாறிய பிள்ளைக்கு, அந்தச் சமநிலையைக் கல்லில் கொண்டுவந்த சிற்பியின் திறமை யாரும் சொல்லாமலே புரியும்.

போட்டோ எடுத்தால் மறந்துபோகுமா?

உற்றுப் பார்ப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கல் நடத்தி, 2014-ல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பங்கேற்றவர்களை ஒரு மியூசியத்துக்கு அழைத்துப்போய், சில பொருள்களை போட்டோ எடுக்கவும், சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் நினைவைச் சோதித்தபோது, முழுதாக போட்டோ எடுத்த பொருள்களைவிட, வெறும் கண்ணால் பார்த்தவையே அதிகம் நினைவில் நின்றன. 'அதான் கேமராவில் இருக்கே' என்று மூளை அலட்சியமாக இருந்துவிடும்போல!

ஆனால், பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு இந்த மறதி வரவில்லை. கையில் இருந்தது அதே கேமராதான். ஒரு நுணுக்கத்தைத் தேடிக் கவனித்ததுதான் வித்தியாசம். மியூசியம் விளையாட்டுகளைத் தரம் பிரிக்கவும் இதே அளவுகோல் உதவும்.

அப்பாவைத் தேடி ஒரு கேம்

இத்தாலியின் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பாம்பேய் நகர இடிபாடுகளிலிருந்து கிடைத்த பொக்கிஷங்கள் இருக்கின்றன. இந்த மியூசியம் 2017-ல் 'ஃபாதர் அண்ட் சன்' என்ற மொபைல் கேமை இலவசமாக வெளியிட்டது. பெயரைக் கேட்டாலே புரியும், இது துப்பாக்கிச் சண்டை கேம் கிடையாது. தான் பார்த்தே இராத தொல்லியலாளர் அப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்ள, மைக்கேல் என்ற இளைஞன் நேப்பிள்ஸுக்கு வருகிறான். மியூசியக் கூடங்களில் நடக்கும் அவனோடு, விளையாடுபவர்களும் பண்டைய ரோமுக்கும் எகிப்துக்கும் போய் வருகிறார்கள்.

நிஜ மியூசியத்துக்கு நேரில் போனால் கேமில் பூட்டியிருக்கும் சில பகுதிகள் திறக்கும் என்பது இதில் சுவாரஸ்யம். வீட்டு சோபாவில் தொடங்கும் விளையாட்டு, மியூசியத்தின் வாசல்வரை ஆளை இழுத்து வருகிறது.

ஓய்வுபெற்ற பேனா

எல்லா முயற்சியும் நிலைத்துவிடுவதில்லை. நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம், 2015-ல் பார்வையாளர்கள் கையில் ஒரு டிஜிட்டல் பேனாவைக் கொடுத்தது. பிடித்த பொருளின் பெயர்ப்பலகையில் பேனாவை வைத்து அழுத்தினால் அது சேமிக்கப்பட்டுவிடும். டிக்கெட்டில் இருக்கும் இணைய முகவரி மூலம் வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்க்கலாம். தாங்களே வரைந்த டிசைன், அறையின் சுவர் முழுக்க வால்பேப்பராக விரிவதையும் பார்க்கலாம். உலகமே பாராட்டிய அந்தப் பேனாவுக்கும் கொரோனா காலத்தோடு ஓய்வு கொடுக்கப்பட்டது.

கருவி வாங்குவதோடு செலவு முடிவதில்லை. பழுது பார்க்க வேண்டும், மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், சொல்லித்தர ஆள் வேண்டும். இவை இல்லாவிட்டால், திறப்பு விழாவில் மின்னிய தொடுதிரை சில வருடங்களில் 'வேலை செய்யவில்லை' என்ற காகிதத்தோடு மூலையில் நிற்கும். அப்போது ஏமாந்துபோவது ஆசையோடு விரலை நீட்டும் குழந்தைதான்.

பென்சிலும் போதும்!

நெதர்லாந்தின் புகழ்பெற்ற ரிய்க்ஸ் மியூசியம் 2015-ல், 'செல்போனை ஓரம் வையுங்கள், பார்ப்பதை வரையுங்கள்' என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டது. தன் சேகரிப்பின் படங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மியூசியமே சொன்னது இது. தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு, அதை எப்போது ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது.

ஆக, பெரிய திரை இல்லாத நம்மூர் மியூசியத்திலும் குழந்தைகளோடு விளையாடலாம்.

* போஸ் விளையாட்டு: சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகள் பகுதியில், நடராஜர் போல ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். எத்தனை கைகள், ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

* ஜூம் வேட்டை: படம் எடுக்க அனுமதி உள்ள இடத்தில், 'ஒரு விரல், ஒரு நகை, ஒரு மிருகம்' என்று மூன்றே குளோஸ்-அப் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும், எது எந்தச் சிலையில் இருந்தது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

* ஐந்து பொருள் போதும்: எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பிடித்த ஐந்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்.

மதுரைப் பக்கம் போனால், 2023-ல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு அவசியம் செல்லுங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு அங்கு வாழ்ந்தவர்கள் விட்டுச்சென்ற பகடைகளும், ஆட்டக்காய்களும், சுடுமண் சில்லுகளும் அந்த அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. 'இதை வெச்சு என்ன விளையாடியிருப்பாங்க?' என்று குழந்தையிடம் கேளுங்கள். பாண்டி ஆடத் தெரிந்த பாட்டியும் கூட வந்தால், அதைவிட நல்ல கைடு கிடைக்க மாட்டார்!